அராக்னி தோற்கவில்லை

கிரேக்கப் புராணக் கதைகள் என்று குழந்தைகளுக்காக வரும் தொகுப்புகளில் அராக்னியின் கதை தவறாமல் இருக்கும். நெசவில் கெட்டிக்காரியான ஒரு பெண் தெய்வத்தையே போட்டிக்கு அழைத்தாள், தோற்றாள், சிலந்தியாகிப் போனாள். அடியில் ஒரு வரி: கர்வம் கூடாது. நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு ஆங்கில இலக்கியம் படிக்க வரும் பெண்கள் பெரும்பாலும் இந்தக் கதையோடுதான் வருகிறார்கள். ஐரோப்பியச் செவ்விலக்கியத் தாளுக்கு அவர்கள் நம்பிப் படிக்கும் கைடுகளிலும் இதே சுருக்கம்தான். ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் இந்தக் கதையை முதன்முதலாக விரிவாகச் சொன்னவர் ரோமானியக் கவிஞர் ஓவிட். அவருடைய கவிதையில் அராக்னி தோற்கவே இல்லை.

இதை ஒரு சின்னத் தகவல் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கவிதை என்றால் என்ன என்று ஆராயும் நூல்கள் அந்தக் காலத்திலும் உண்டு. அரிஸ்டாட்டில் எழுதியதை இன்றும் படிக்கிறோம். ஆனால் கவிஞர்கள் தங்கள் தொழிலைப் பற்றி உள்ளுக்குள் நினைத்ததையெல்லாம் கொட்டி வைத்த இடம் வேறு. பாட்டு எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள், அதிகாரத்தின் முன்னால் பாடுகிறவன் நிலை என்ன, பாட்டால் எது முடியும், எது முடியாது என்பதையெல்லாம் அவர்கள் புராணக் கதைகளுக்குள் வைத்தே யோசித்தார்கள். தறியில் உட்கார்ந்திருக்கும் பெண், தோல் உரிக்கப்படும் குழலூதி, கண்ணில்லாத அரண்மனைப் பாடகன் எல்லோரும் அந்த யோசனையின் முகங்கள். நீதி வாக்கியம் ஒன்றை ஒட்டியதும் அந்த யோசனை முழுக்க மறைந்துபோகிறது. மிச்சம் நிற்பது, பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்ற மிரட்டல் மட்டும்தான்.

கவிதைக்குப் போவோம். ஓவிட் கி.மு. 43-இல் பிறந்தவர். ‘உருமாற்றங்கள்’ என்ற அவருடைய நெடுங்கவிதை 15 புத்தகம், ஏறக்குறைய 12,000 வரி. அதன் ஆறாம் புத்தகம் அராக்னியோடு தொடங்குகிறது. லிடியா நாட்டுப் பெண். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி அது. அப்பா இட்மோன் கம்பளிக்குச் சாயம் தோய்க்கிறவர். அம்மா உயிரோடு இல்லை. அவளும் எளிய குடும்பத்துப் பெண்தான். வீடு ஹைபீபா என்ற சிற்றூரில். குலமோ ஊரோ அல்ல, கைவேலைதான் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது என்று ஓவிட் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். அவள் வேலையைப் பார்க்க மலையிலிருந்தும் ஆற்றிலிருந்தும் தேவதைகள் வருகிறார்கள். நெய்து முடித்த துணியைப் பார்க்க மட்டும் அல்ல, அவள் நெய்துகொண்டிருக்கும்போது கூட நின்று பார்ப்பதற்காகவும் வருகிறார்கள்.

நான் காஞ்சிபுரத்தில் தறிவீட்டில் வளர்ந்தவள். அப்பா குழித்தறியில் பட்டு நெய்தார். இராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பது என் வேலை. கோர்வைச் சேலை தறியில் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளுவதும் என் வேலை. தெருவோடு போகிறவர்கள் சிலர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சேலை வாங்க வந்தவர்கள் அல்ல. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார்கள். ஓவிட்டின் தேவதைகளைப் படித்தபோது அவர்கள் எனக்குப் புதியவர்களாகத் தோன்றவில்லை.

போட்டி தொடங்கும் இடத்தை ஓவிட் எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். அராக்னியும் அவள் போட்டிக்கு அழைத்த தெய்வமான மினர்வாவும் தனித்தனி இடத்தில் தறி நிறுத்துகிறார்கள். பாவு மரத்தில் கட்டப்படுகிறது. நாணல் அச்சு இழைகளைப் பிரித்து வைக்கிறது. கூரான நாடா ஊடையைக் கொண்டுபோகிறது, விரல் அதை இழுத்துச் சரிசெய்கிறது, சீப்பின் பற்கள் தட்டி நெருக்குகின்றன. இருவரும் உடையை மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வேகமாகக் கை போடுகிறார்கள். வேலையில் இருக்கும் ஆசை, உடம்பு படும் பாட்டை மறக்கடிக்கிறது. ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்த நிறம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை. தறிக்கு அருகில் போய் நிற்காத ஒருவரால் இதை எழுத முடியாது. தெய்வமும் மனுஷியும் மோதும் கதையில் கவிஞர் எதற்காகப் பாவுக்கும் ஊடைக்கும் இவ்வளவு நேரம் கொடுக்கிறார்? ஓவிட் அங்கே நெசவாளியாகத்தான் நிற்கிறார் என்பது என் பதில். இழையோடு இழை சேர்ப்பவளின் வேலையில் அவர் கண்டது சொல்லோடு சொல் சேர்க்கும் தன் வேலையை.

இரண்டு துணியிலும் என்ன இருக்கிறது என்பதுதான் கதையின் உயிர். சுருக்கங்களில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். மினர்வாவின் துணியில் நடுவில் ஜூபிடர், இருபக்கமும் தெய்வங்கள், மொத்தம் பன்னிரண்டு பேர் உயர்ந்த ஆசனங்களில் அமர்ந்திருக்கிறார்கள். ஏதென்ஸ் நகரம் யாருக்கு என்று அவளுக்கும் நெப்டியூனுக்கும் நடந்த வழக்கு, அதில் அவள் பெற்ற வெற்றி. நான்கு மூலையிலும் நான்கு சின்னப் படம்: தெய்வங்களோடு போட்டி போட்டவர்கள் மலையாகவும் பறவையாகவும் கோயில் படிக்கட்டாகவும் மாறிப்போன கதைகள். சுற்றிலும் ஆலிவ் இலைக் கரை. அளவெடுத்த, சமச்சீரான, கண்ணை உறுத்தாத துணி. அதன் செய்தியும் தெளிவு: என் பெருமை இது, என்னை எதிர்த்தால் உன் கதி இது.

அராக்னியின் துணிக்கு நடு என்று ஒன்று இல்லை. ஒரு படம் அடுத்ததற்குள் ஓடுகிறது. காளையாக வந்த ஜூபிடர் யுரோப்பாவை முதுகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோகிறான். அவள் கரையைத் திரும்பிப் பார்க்கிறாள், தோழிகளைக் கூப்பிடுகிறாள், அலை படாமல் பாதங்களை மேலே இழுத்துக்கொள்கிறாள். அடுத்து லீடா, டனாயி, ஆன்டியோபி... அன்னமாக, பொன்மழையாக, நெருப்பாக, பாம்பாக, குதிரையாக வேடம் போட்டு வந்த தெய்வங்கள். ஜூபிடர் மட்டும் அல்ல, நெப்டியூன், அப்போலோ, பாக்கஸ், சாட்டர்ன் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். பெண்களை ஏமாற்றியும் பறித்தும் போன தெய்வங்கள்மீது துணியில் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகை அது. அதைச் சுற்றி ஐவிக்கொடியும் பூவும் பின்னிய கரை வேறு!

தீர்ப்பு என்ன? மினர்வாவாலும் குறை சொல்ல முடியவில்லை, பொறாமையே வந்து பார்த்தாலும் குறை கண்டுபிடிக்க முடியாது என்று ஓவிட் எழுதுகிறார். அவ்வளவுதான் அவர் தரும் தீர்ப்பு. வேலை சிறப்பாக வந்துவிட்டதே என்ற ஆத்திரத்தில் தெய்வம் துணியைக் கிழிக்கிறது. கையில் இருந்த நாடாவால் அந்தப் பெண்ணின் நெற்றியில் மூன்று முறை, நான்கு முறை அடிக்கிறது. கெட்டி மரத்தில் இழைத்த நாடா கைதவறிக் கால்விரலில் விழுந்தாலே உயிர் போய் உயிர் வரும். நெய்கிறவளை அவள் தொழிற்கருவியாலேயே நெற்றியில் அடிப்பது என்றால் என்ன என்று தறிவீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த அவமானம் தாங்காமல் அவள் கயிற்றில் தொங்குகிறாள். மினர்வா இரங்கி, உயிரோடு இரு, ஆனால் தொங்கிக்கொண்டே இரு என்று சிலந்தியாக்குகிறாள். அப்போதும் அவள் வயிற்றிலிருந்து நூல் வருகிறது, நெசவு நடக்கிறது. தோற்றாள் என்ற சொல்லுக்கு இந்தக் கவிதையில் எங்கே இடம்?

‘உருமாற்றங்கள்’ முழுவதும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அராக்னியின் துணி யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கவிதைக்கும் நடு இல்லை. ஒரு கதையின் வாலில் அடுத்த கதை ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. முதல் புத்தகத்திலேயே டாஃப்னியை அப்போலோ துரத்துகிறான், ஐயோவை ஜூபிடர் கெடுக்கிறான். இரண்டாம் புத்தகத்தின் கடைசியில் அதே யுரோப்பா, அதே காளை. ஆறாம் புத்தகத்துக்கு வருவதற்குள் அராக்னி நெய்ததில் ஒரு பங்கை ஓவிட் எழுதி முடித்துவிட்டார். அவள் துணியைத் தெய்வம் கிழித்தது என்றால், அவர் தன் கவிதைக்கு என்ன நேரலாம் என்று முன்கூட்டியே எழுதிப் பார்க்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன்.

இந்தப் படிப்பை உறுதிசெய்கிற மாதிரி அதற்கு முந்தைய புத்தகத்தின் கடைசியில் இன்னொரு போட்டி இருக்கிறது. பியரஸ் என்பவனின் ஒன்பது பெண்கள் பாட்டுத் தெய்வங்களான மியூஸ்கள் ஒன்பது பேரைப் போட்டிக்கு அழைக்கிறார்கள். தோற்றுப் பறவைகளாகிறார்கள். ஆனால் நமக்கு இதைச் சொல்வது யார்? மியூஸ்களில் ஒருத்தி. கேட்பது மினர்வா. எதிரணிப் பெண் பாடியது பதினைந்து வரிக்குள் முடிகிறது. அரக்கனுக்குப் பயந்து தெய்வங்கள் எகிப்துக்கு ஓடி விலங்கு வேடத்தில் ஒளிந்துகொண்டன என்பது அந்தப் பாட்டு. மியூஸ் தரப்புப் பாட்டோ முந்நூறு வரிக்கு மேல் முழுதாக வருகிறது. நடுவர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் நீர்த்தேவதைகள். மியூஸின் பாட்டில் நீர்த்தேவதைகளுக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. ஜெயித்தவர்கள் சொல்லும் கதையை எப்படிக் கேட்க வேண்டும் என்று ஓவிட் நமக்குக் காது பழக்குகிறார். அதைக் கேட்டு எழுந்துபோகும் மினர்வா நேரே அராக்னியிடம்தான் போகிறாள்.

மினர்வா அன்றைக்கு மியூஸ்களின் ஹெலிகான் மலைக்கு எதற்காக வந்தாள்? ஒரு ஊற்றைப் பார்க்க. பெகாசஸ் என்ற சிறகுக் குதிரை குளம்பால் உதைத்த இடத்தில் பொங்கிய ஊற்று அது; கவிஞர்களின் நீர் என்று உலகம் கொண்டாடும் ஹிப்போக்ரீன். அந்தக் குதிரை பிறந்தது மெடூசாவின் வெட்டுப்பட்ட கழுத்து ரத்தத்திலிருந்து. மெடூசா யார்? மினர்வாவின் கோயிலுக்குள்ளேயே நெப்டியூனால் சீரழிக்கப்பட்ட பெண். அதற்காக அந்தத் தெய்வத்தாலேயே பாம்புத் தலைமுடி பெற்றவள். இதையும் ஓவிட்தான் நான்காம் புத்தகத்தில் சொல்கிறார். பிறகு அராக்னியின் துணியை உற்றுப் பார்த்தால், பல வேடங்களில் நெப்டியூன் அணுகும் பெண்களில் ஒருத்தியாக மெடூசாவும் அங்கே நெய்யப்பட்டிருக்கிறாள், மினர்வாவின் கண் எதிரிலேயே. பாட்டின் ஊற்று எந்த ரத்தத்திலிருந்து வந்தது என்பதைத் தறியில் இருக்கும் பெண் மறக்கவில்லை. தெய்வம் துணியைக் கிழித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

பாட்டின் ஊற்று ரத்தத்தில் இருக்கிறது என்பது ஓவிட் தன் மூளையிலிருந்து புதிதாகக் கண்டுபிடித்த எண்ணம் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கக் கவிஞர் பிண்டார் இதன் பக்கத்தில் வந்திருக்கிறார். கி.மு. 490-இல் டெல்ஃபியில் நடந்த போட்டியில் சிசிலித் தீவின் அக்ரகாஸ் ஊரைச் சேர்ந்த மைடாஸ் என்ற கலைஞர் ஆலோஸ் வாசித்துப் பரிசு வாங்கினார். ஆலோஸ் என்பது நம் நாகஸ்வரத்தின் சீவாளி போன்ற நாணல் நாக்கு வைத்த இரட்டைக் குழல். பிண்டார் எழுதிய வெற்றிப் பாடல்களில் விளையாட்டு வீரனுக்கு அல்லாமல் இசைக் கலைஞனுக்காக வந்தது இது ஒன்றுதான். அதில் அந்த இசை பிறந்த கதையைச் சொல்கிறார். பெர்சியஸ் மெடூசாவின் தலையை வெட்டியபோது அவளுடைய சகோதரி யூரியாலி அலறினாள். அந்த அலறலைக் கேட்ட அத்தீனா, அதாவது ரோமானியர் மினர்வா என்று அழைத்த அதே தெய்வம், அதைக் குழலிசையாகப் பின்னி மனிதர்களுக்குக் கொடுத்தாள். ஒரு பெண்ணின் ஒப்பாரி போட்டியில் பரிசு வாங்கும் உருப்படியாகிவிட்டது. பிண்டார் இதற்காக வருத்தப்படவில்லை, தெய்வத்தைப் புகழத்தான் செய்கிறார். ஆனால் மறைக்கவும் இல்லை. கொண்டாட்டப் பாட்டுக்குள் அந்த அழுகையைக் கேட்கும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அது போதும்.

ஹோமர் பெயரில் வழங்கும் ஹெர்மீஸ் துதிப்பாடலில் யாழ் பிறக்கும் காட்சி இன்னும் வெளிப்படையானது. விடியலில் பிறந்த ஹெர்மீஸ் நண்பகலில் யாழ் வாசிக்கிறான். குகை வாசலில் ஒரு ஆமையைப் பார்க்கிறான், சிரிக்கிறான், அன்பாகக் கூப்பிட்டு உள்ளே தூக்கிப் போகிறான். உளியால் குடைந்து உயிரை எடுக்கிறான். நாணலை அளவாக வெட்டிப் பொருத்தி, மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, ஆட்டுக்குடலில் ஏழு நரம்பு பூட்டுகிறான். உயிரோடு இருந்தபோது ஊமையாக இருந்த பிராணி செத்த பிறகு குரல் பெற்றது என்பதைப் பிற்காலத்தில் சோஃபோக்ளிஸ் ஒரு நாடகத்தில் விடுகதையாகவே போட்டார். எகிப்தின் மணலுக்குள் கிடந்த பப்பைரஸ் தாளிலிருந்து மீட்டு 1912-இல் அச்சானது அந்த நாடகம். ஹெர்மீஸ் அந்த யாழில் முதலில் பாடுவது தன் தாய் தந்தையின் காதலையும் தன் பிறப்பையும். அவன் குரலுக்குக் கீழே கிடந்து அதிர்வது ஆமை ஓடு. பாடியவன் ஆமையை மறந்திருக்கலாம். துதிப்பாடலை எழுதியவர் மறக்கவில்லை.

என்னோடு உடன்படாதவர்கள் ஹோமரை எடுத்துக்காட்டலாம். ‘இலியட்’டில் தாமிரிஸ் என்ற பாடகன் மியூஸ்களையே வெல்வேன் என்று பேசுகிறான். அவர்கள் கோபத்தில் அவனை முடமாக்கி, பாட்டைப் பறித்து, யாழ் மீட்டும் வித்தையையும் மறக்கடிக்கிறார்கள். கர்வம் கூடாது என்பதற்கு இது சரியான சான்று இல்லையா? ஆமாம், இங்கே அந்த நீதி பொருந்துகிறது. ஆனால் இந்தக் கதை எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். ட்ராய்க்கு வந்த கப்பல்களை ஹோமர் பட்டியலிடும் இடம். அதற்கு நூறு வரி முன்னால், தனக்குப் பத்து நாக்கும் பத்து வாயும் இருந்தாலும் மியூஸ்களின் துணை இல்லாமல் இத்தனை பேரைச் சொல்ல முடியாது என்று வேண்டிக்கொண்டுதான் தொடங்குகிறார். இத்தனை பேரை நினைவிலிருந்து சொல்ல வேண்டிய கவிஞனுக்கு நினைவு போய்விடுமோ என்ற பயம் எப்படி இருக்கும்? தாமிரிஸ் அந்தப் பயத்தின் உருவம். அடுத்தவனுக்கு உபதேசமாக அல்ல, தன் நெஞ்சில் கை வைத்துச் சொன்ன கதை அது.

அதே ஹோமரின் ‘ஒடிசி’யில் டெமோடோகஸ் வருகிறான். எட்டாம் புத்தகம். மியூஸ் அவனை மிகவும் நேசித்தாள், நல்லதும் கெட்டதும் கொடுத்தாள்: கண்ணை எடுத்துக்கொண்டு இனிய பாட்டைத் தந்தாள். ஏவலாளி அவனைக் கைபிடித்து அழைத்து வந்து தூணோரம் ஆசனத்தில் உட்கார வைக்கிறான். தலைக்கு மேலே முளையில் யாழை மாட்டி, கையை எப்படி நீட்டினால் எட்டும் என்று காட்டிக் கொடுக்கிறான். பக்கத்தில் ஒரு மேஜை, ரொட்டிக் கூடை, ஒயின் கிண்ணம். விருந்தாளிகளின் நடுவே தான் யார் என்று சொல்லாமல் ஒடிசியஸ் இருக்கிறான். தனக்கு வைத்த பன்றி இறைச்சியில் கொழுப்புள்ள துண்டு ஒன்றை அறுத்துப் பாடகனுக்குக் கொடுத்தனுப்புகிறான். பிறகு ட்ராயை வீழ்த்திய மரக்குதிரையைப் பற்றிப் பாடச் சொல்கிறான். தன்னுடைய தந்திரம், தன்னுடைய வெற்றி, தன் புகழைப் பிறர் வாயால் கேட்கும் ஆசை.

டெமோடோகஸ் பாடுகிறான். ஒடிசியஸ் அழுகிறான். எப்படி அழுதான் என்று சொல்ல ஹோமர் எடுத்துக்கொள்ளும் உவமைதான் எனக்கு உலக இலக்கியத்திலேயே மிகப் பெரிய இடங்களில் ஒன்று. ஊரைக் காக்கப் போராடி விழுந்த கணவனின் உடல்மீது புரண்டு அழும் ஒரு பெண். பின்னால் நிற்கும் எதிரிகள் ஈட்டியால் அவள் முதுகில் குத்தி அடிமைத்தனத்துக்கு ஓட்டுகிறார்கள். அவளைப் போல் அழுதான் ஒடிசியஸ். அந்தப் பெண் யார்? ட்ராயில் அவன் கையால் விதவையானவர்களில் ஒருத்தியாக இருக்கலாம். வெற்றியைக் கேட்க உட்கார்ந்தவன், தோற்றவளின் கண்ணீரை அழுதுகொண்டிருக்கிறான். பாட்டால் என்ன முடியும் என்ற கேள்விக்கு ஹோமர் தந்த பதில் இது. ஜெயித்தவனை அது ஒரு நாழிகையாவது தோற்றவளின் உடலுக்குள் இறக்கும். பார்வை இழந்த ஒருவன், தன் எதிரில் இருப்பது யார் என்று தெரியாமலேயே அதைச் செய்துமுடிக்கிறான்.

மார்சியாஸ் கதையையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். அத்தீனா தூக்கி எறிந்த குழலை எடுத்து வாசிக்கப் பழகி, அப்போலோவோடு போட்டியிட்டுத் தோற்று, உயிரோடு தோல் உரிக்கப்பட்டவன். ஓவிட் இதற்குக் கொடுப்பது இருபது வரிகூட இல்லை. போட்டி எப்படி நடந்தது, யார் நன்றாக வாசித்தார்கள் என்ற பேச்சே இல்லை. நேரே தோல் உரியும் இடத்துக்குப் போகிறார். பிறகு மேய்ப்பர்களும் காட்டுத் தேவதைகளும் கூடி அழுத கண்ணீரை மண் குடித்து ஆறாக விடுகிறது. ஃப்ரிஜியாவிலேயே தெளிந்த ஆறு அது. ஆடு மேய்க்கிறவர்கள் யார் பக்கம் என்பதைக் கவிஞர் எழுதிவிட்டார். தெய்வத்தின் வெற்றிக்கு அவர் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

இறந்த மனைவியைப் பாட்டால் மீட்டுவரப் போன ஆர்ஃபியஸின் கதையில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அவன் திரும்பிப் பார்த்ததை. விர்ஜில் அதை எழுதிய விதம் மறக்க முடியாததுதான். விவசாயம் பற்றிய நூலின் கடைசியில், தேனீக்கள் செத்துப்போன ஒருவனின் கதைக்குள் கொண்டுவந்து வைத்தார். என் மனம் நிற்பது ஓவிட் சொல்லும் சாவில். அவன்மேல் ஆத்திரம் கொண்ட பெண்கள் கல் எறிகிறார்கள். கல் அவன் பாட்டுக்கு மயங்கி, மன்னிப்புக் கேட்பதுபோல் காலடியில் விழுகிறது. எறிகிறவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் அந்தப் பாட்டு அவனைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அவர்கள் கொம்பு ஊதுகிறார்கள், பறை கொட்டுகிறார்கள், கை தட்டுகிறார்கள், ஊளையிடுகிறார்கள். யாழின் ஒலி கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் கல்லில் ரத்தம் படுகிறது. ஆயுதம் ஒரு கவிஞனை வெல்வதில்லை, அவன் குரல் காதில் விழாதபடி எழும் இரைச்சல்தான் வெல்கிறது என்று இதைவிடத் துல்லியமாக யார் சொல்லியிருக்கிறார்கள்? எழுத்தாளர்களை இரைச்சலால் அடக்கும் காலத்தில் இருந்துகொண்டு இந்த இடத்தை வெறும் காதல் கதையின் முடிவு என்று நடத்திவிட்டுப் போக என்னால் முடியாது.

கி.பி. 8-இல் பேரரசர் அகஸ்டஸ் ஓவிட்டை ரோமைவிட்டு அனுப்பினார். விசாரணை என்று எதுவும் மன்றத்தில் நடக்கவில்லை. கருங்கடல் கரையில் டோமிஸ், இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சா. இரண்டு காரணம் என்று அவரே எழுதுகிறார்: ஒரு கவிதை, ஒரு தவறு. கவிதை என்பது ‘காதல் கலை’. தவறு எது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டதாக மட்டும் குறிப்புக் காட்டுகிறார். அதற்கும் புராணத்தைத்தான் துணைக்கு அழைக்கிறார்: குளித்துக்கொண்டிருந்த டயானாவைத் தெரியாமல் பார்த்துவிட்டு, மானாக்கப்பட்டுத் தன் நாய்களாலேயே கிழிபட்ட ஆக்டியன். தன் வாழ்க்கையையும் ‘உருமாற்றங்க’ளில் ஒரு கதையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதுகிறார்.

நாடுகடந்து எழுதிய ‘துயரங்கள்’ நூலின் மூன்றாம் பகுதியில் புத்தகமே பேசுகிறது. டோமிஸிலிருந்து ரோமுக்கு வந்த புத்தகம். நெடும்பயணத்தில் களைத்து, நகரத்தில் வழி தெரியாமல், யாரையோ கேட்டுக் கேட்டு நடக்கிறது. பாலட்டைன் குன்றில் அப்போலோ கோயிலை ஒட்டி அகஸ்டஸ் கட்டிய நூலகத்துக்குப் போகிறது. உள்ளே தன் சகோதரர்களை, அதாவது ஓவிட்டின் மற்ற நூல்களைத் தேடுகிறது. காவலர் வெளியே போ என்கிறார். இன்னொரு நூலகத்துக்குப் போகிறது, அங்கேயும் இடமில்லை. மூன்றாவதாக விடுதலைத் தெய்வத்தின் மண்டபத்து நூலகம். அந்தக் கதவும் திறக்கவில்லை. அப்போலோவின் வீட்டில் கவிதைக்கு இடமில்லை என்பதைச் சொன்ன கவிஞர், அப்போலோ மார்சியாஸுக்குச் செய்ததை எழுதியவர். ஓவிட் கி.பி. 17 வாக்கில் டோமிஸிலேயே இறந்தார். அந்தத் தண்டனையை ரோம் நகர மன்றம் 2017 டிசம்பரில் ஒருமனதாக ரத்து செய்தது. 2,000 ஆண்டு கழித்து இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. நான் மகிழ்ந்தேன். ஒரு நகரம் தன் கவிஞனுக்குச் செய்த அநியாயத்தைக் கணக்கில் வைத்திருந்தது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஆறாம் புத்தகத்தில் இன்னொரு தறியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. திரேஸ் நாட்டு அரசன் டிரியஸ், மனைவி புரோக்னியின் தங்கை ஃபிலோமெலாவைக் காட்டுக்குள் அடைத்துக் கெடுக்கிறான். ஊருக்குச் சொல்வேன் என்று அவள் சொன்னதும் நாக்கை அறுக்கிறான். அவள் தறி போட்டு, வெள்ளைப் பாவில் செந்நீல நூலால் நடந்ததை நெய்து, பணிப்பெண் கையில் அக்காவுக்கு அனுப்புகிறாள். அக்கா விரித்துப் படித்துப் புரிந்துகொள்கிறாள். அதற்குப் பிறகு நடப்பது கொடூரமானது. அரசனின் மகனே பலியாகிறான், யாருமே சுத்தமாக வெளிவருவதில்லை. பாதிக்கப்பட்டவள் கையில் கிடைத்த சொல் நல்லதை மட்டுமே செய்யும் என்ற ஆறுதலைக்கூட ஓவிட் நமக்குத் தரவில்லை. அராக்னியின் துணி கிழிக்கப்பட்டது. ஃபிலோமெலாவின் துணி போய்ச் சேர்ந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மார்சியாஸின் தோல் உரிகிறது. ஒரே புத்தகத்துக்குள் இவை மூன்றையும் வைத்தவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகவே என் கோரிக்கை. ‘உருமாற்றங்க’ளின் ஆறாம் புத்தகம் 721 வரிதான். அதை லத்தீனிலிருந்து நேரே தமிழுக்கு, சுருக்காமல், நீதி ஒட்டாமல், கவிதையாகக் கொண்டுவர வேண்டும். தமிழ்ப் பதிப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் மனம் வைத்தால் கைக்கு அடக்கமான ஒரு புத்தகம். அதை அடுத்து பிண்டாரின் அந்தக் குழல் பாட்டு, அதையடுத்து ‘ஒடிசி’யின் எட்டாம் புத்தகம். மொழிபெயர்க்கிறவர் லத்தீன் அகராதியோடு நிறுத்திக்கொள்ளாமல், போட்டி நடக்கும் பகுதிக்காகக் காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ ஒரு தறிக்காரரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அச்சு எது, விழுது எது, ஊடை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று அவர்கள் காட்டித் தருவார்கள்.